ஒரு மாவட்டம், இரண்டு மழை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

‘அவேக்’ தொடரை இப்போதுதான் பார்த்து முடித்தேன். கார் விபத்துக்குப் பிறகு ஒரு துப்பறியும் அதிகாரி ஒவ்வொரு முறை தூங்கி எழும்போதும் வேறோர் உலகில் விழிக்கிறார். ஒன்றில் மனைவி பிழைத்திருக்கிறாள், மற்றதில் மகன். இவ்வளவு நல்ல தொடரை ஏன் 13 பகுதிகளோடு நிறுத்தினார்கள்? பார்த்தவர்களுக்குப் புரியவில்லை என்கிறாள் என் தோழி.

அந்த வேகத்தில் ஆறு பகுதி வலைத்தொடர் ஒன்று எழுதுகிறேன். ஊட்டி இன்ஸ்பெக்டர், கல்லட்டிப் பாதையில் விபத்து, ஓர் உலகில் மனைவி, இன்னொன்றில் மகள். மனைவி உலகம் மஞ்சள் நிறம், மகள் உலகம் நீலம், மாறும் இடத்தில் மூடுபனி. முதல் பகுதியை இணைத்திருக்கிறேன். இது காப்பி ஆகிவிடுமா? எந்த கேமரா வாங்கலாம்? எது கனவு என்று கடைசியில் சொல்லியே ஆக வேண்டுமா?

ர.
கோத்தகிரி

அன்புள்ள ர.,

மலையில் துப்பறியும் கதை என்றாலே மூடுபனியை இறக்கிவிடுகிறார்கள். அதைப் பற்றி எழுத வேண்டும் என்றிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

கேமராவை வாங்காதீர்கள், வாடகைக்கு எடுங்கள். இரண்டு உலகம் என்ற யோசனை யாருடைய சொத்தும் அல்ல. காட்சியையும் வசனத்தையும் எடுக்காதவரை காப்பி இல்லை. எது கனவு என்று சொல்ல வேண்டாம். அவேக்கில் டாக்டர் லீ, டாக்டர் எவன்ஸ் என்று உலகத்துக்கொரு மனநல மருத்துவர். இருவரும் தத்தம் உலகமே நிஜம் என்று வாதாடுவார்கள், இருவர் பேச்சும் நம்பும்படி இருக்கும். ஒரு பக்கம் தாழ்ந்த அன்றைக்கே கதை முடிந்துவிடும்.

நிறுத்திய காரணம் கேட்டீர்கள். அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் 2012 மார்ச் 1 முதல் மே 24 வரை, வியாழன் இரவு பத்து மணிக்கு வந்தது. பார்ப்பவர்கள் குறைந்தார்கள், நிறுத்தினார்கள். பார்த்தவர்களுக்குப் புரியவில்லை என்ற பேச்சை மட்டும் தோழியோடு சேர்ந்து நீங்களும் பேசாதீர்கள். எழுதுகிறவர்களைக் கெடுக்கும் சோம்பேறித்தனமான ஆறுதல் அது. விளம்பரம் போகக் கிடைப்பது சுமார் 43 நிமிடம். அதற்குள் பெரும்பாலும் இரண்டு வழக்கு, இரண்டு வீடு, இரண்டு மருத்துவர். ஒரு வழக்குக்குக் கால் மணி நேரம் கிடைத்தாலே அதிகம். விசாரணை மெலிந்துபோனதால், ஓர் உலகில் கண்ட விவரம் மறு உலகில் துப்பாக மாறும்போது அது தற்செயலாகவே தோன்றியது. 2011 கடைசியில் படப்பிடிப்பை நிறுத்திவைத்துக் கதையைச் சரிசெய்யும் அளவுக்கு அவர்களுக்கே அது சுமையாக இருந்தது. உங்களுக்கு ஆறு பகுதிதான். உலகத்துக்கு ஒரு வழக்கு, ஆறு பகுதிக்கும் அதுவே போதும்.

இனி அந்த மஞ்சளும் நீலமும்.

அவேக்கில் மனைவி உலகம் வெதுவெதுப்பான நிறம், மகன் உலகம் குளிர்ந்த நிறம். உண்மைதான். ஆனால் அந்த அதிகாரியின் கையில் மனைவி உலகில் சிவப்புப் பட்டை, மகன் உலகில் பச்சைப் பட்டை இருந்தது. கூட்டாளியும் வேறு: வேகா வந்தால் மனைவி உயிரோடு இருக்கிறாள், ஃப்ரீமன் வந்தால் மகன். மருத்துவர் வேறு, வீட்டில் உட்கார்ந்திருப்பவர் வேறு. நிறத்தை முழுக்க எடுத்துவிட்டாலும் எந்த உலகம் என்று தெரிந்துவிடும். நீங்கள் எடுத்துக்கொண்டது அந்த நிறத்தை மட்டும்.

அதிலும் மூடுபனியில் நிறம் ஏற்றப் போகிறீர்கள். மூடுபனியில் நிழல் இல்லை, கறுப்பு இல்லை. பிடித்துக்கொள்ள அடர்த்தி இல்லாத படத்தில் மஞ்சள் ஏற்றினால் எல்லாம் அழுக்கு மஞ்சளாகும், நீலம் ஏற்றினால் சாம்பலாகும். இரண்டு உலகமும் ஒன்றுபோல் வெளிறும். தூரக்காட்சி எடுக்கும்போது இருந்த பனி, முகத்தை நெருங்கி எடுப்பதற்குள் கலைந்துவிடும். இரண்டையும் வெட்டி ஒட்ட முடியாது. புகை போட்டுச் சமாளிக்கலாம் என்றால் திறந்த மலைச்சரிவில் காற்று அதை நிற்கவிடாது.

நீங்கள் இருக்கும் மாவட்டத்தைப் பாருங்கள் ர. தொட்டபெட்டா மலைத்தொடருக்கு மேற்கே ஒரு மழை, கிழக்கே ஒரு மழை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவம் கூடலூர், தேவாலா, அவலாஞ்சிப் பக்கம் கொட்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் பெய்தது. அதே நாட்களில் கோத்தகிரியில் காற்றும் தூறலும் இருக்கும், அவ்வளவுதான். அக்டோபர் பிறந்தால் தலைகீழ்: வடகிழக்குப் பருவம் குன்னூரையும் கோத்தகிரியையும் பிடித்துக்கொள்ளும். 2009 நவம்பர் மண்சரிவு இந்தப் பக்கத்தில்தான் நடந்தது.

விபத்துக்குப் பிறகு மனைவி உலகில் இன்ஸ்பெக்டர் கூடலூருக்கு மாற்றல் வாங்கிக்கொள்ளட்டும். மகள் உலகில் கோத்தகிரிக்குப் போகட்டும். ஒரே மாவட்டம் என்பதால் மேலே இருக்கும் எஸ்.பி. ஒருவரே, அவேக்கில் கேப்டன் ஹார்ப்பர் இரண்டு உலகிலும் வருவதுபோல. கூடலூர் ஏட்டு மலையாளம் கலந்த தமிழ் பேசுவார், கோத்தகிரி ஏட்டு வீட்டுக்கு போன் வந்தால் படுக மொழிக்கு மாறுவார். பாக்கும் மிளகும் நெல்வயலும் அங்கே, தேயிலைச் சரிவு இங்கே. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் எந்த உலகம் என்று தெரிய வேண்டும்.

ஜூலையில் கதையைத் தொடங்குங்கள். கூடலூர் வழக்கில் மழை தடயத்தைத் தின்னும். செம்மண்ணில் பதிந்த செருப்புத் தடத்தின் மேல் உடனே ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்து வைக்காவிட்டால், அச்சு எடுக்கும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வந்து சேர்வதற்குள் அங்கே குட்டைதான் இருக்கும். கோத்தகிரியில் தடம் அப்படியே இருக்கும், ஆனால் யாருடையது என்று தெரியாது. இரண்டு வழக்கும் இரண்டு வகையில் கஷ்டம் கொடுக்கும். மழை என்றால் மனைவி என்று பார்ப்பவர்கள் நான்கு பகுதிகளில் பழகிவிடுவார்கள். ஐந்தாம் பகுதியில் கதைக்குள் அக்டோபர் வரும், கோத்தகிரியில் மழை பிடிக்கும். பார்ப்பவர் ஒரு கணம் தடுமாறுவார், இன்ஸ்பெக்டரும் தடுமாறுவார். அதில் ஏமாற்று வேலை எதுவும் இல்லை, வானிலை அப்படித்தான்.

ஒரு எச்சரிக்கை. இரண்டு ஊரையும் ஒரே நாளில் எடுக்கத் திட்டமிடாதீர்கள். கூடலூரிலிருந்து ஊட்டி 50 கிலோமீட்டர், அங்கிருந்து கோத்தகிரி 30. மலைப்பாதையில் பாதி நாள் போய்விடும். கூடலூர்க் காட்சிகளை ஜூலையில் மொத்தமாக எடுத்துவிட்டுக் கோத்தகிரிக்கு வாருங்கள். இரண்டு உலகத்தின் காட்சித்தாள்களை இரண்டு நிறக் காகிதத்தில் அச்சிடுங்கள். நிறம் அங்கே உதவும்.

உங்கள் முதல் பகுதியில் ஒரு இடம் மிக நன்றாக இருக்கிறது. மகள் அம்மாவின் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போகிறாள், கை நீளமாக இருப்பதால் மடித்துவிட்டிருக்கிறாள். இதை எழுதத் தெரிந்தவர் எதற்கு நீல நிறத்தை நம்புகிறீர்கள்? கூடலூர் வீட்டில் இதற்கு ஜோடி வேண்டும். மழைக்காலத்தில் அங்கே பீரோவுக்குள் துணி பூஞ்சணம் பிடிக்கும். மகளின் சீருடையை அம்மா வெளியே எடுத்து அடுப்புச் சூட்டில் காட்டி மறுபடி மடித்து வைக்கட்டும். வசனம் வேண்டாம்.

கோபம் வந்த இடமும் ஒன்று உண்டு. மறு உலகில் கேட்ட ஒரு பெயரை வைத்து இன்ஸ்பெக்டர் நேராகப் போய் ஆளைப் பிடிக்கிறார். எதை வைத்துப் பிடித்தார்? அன்றன்றைய விசாரணையை கேஸ் டைரியில் எழுத வேண்டும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 192-ஆம் பிரிவு, பழைய சட்டத்தில் 172. தகவல் வந்த நேரம், விசாரணை தொடங்கிய நேரம், முடித்த நேரம், போன இடங்கள், தெரிந்துகொண்ட சங்கதி எல்லாம் அதில் இருக்க வேண்டும். கனவில் தெரிந்தது என்று எழுத முடியாது. அந்தப் பெயரை இந்த உலகத்தில் ஒரு சாட்சியின் வாயிலிருந்தோ ஒரு ரசீதிலிருந்தோ அவர் மறுபடி கண்டுபிடித்தாக வேண்டும். ஏட்டுக்குச் சந்தேகம் வருவது அங்கேதான். உங்கள் தொடரின் பாதிக் கதை அந்த நோட்டில் இருக்கிறது, நீங்கள் அதைத் திறக்கவே இல்லை.

இரண்டு ஸ்டேஷனுக்கும் ஜூலை முதல் வாரத்து டைரியை நாள்வாரியாக எழுதுங்கள். அதன் பிறகு முதல் பகுதியைத் திருத்தி அனுப்புங்கள், படிக்கிறேன்.