இலை தழைக்கிறது, குலை வரவில்லை: மாடியில் ஒரு பன்னீர் திராட்சைக் கொடி

கேள்வி: மதுரையில் இருக்கிறோம். மூன்று வருடம் முன்பு கம்பத்தில் உறவினர் தோட்டத்திலிருந்து வேர் விட்ட பன்னீர் திராட்சைக் குச்சி ஒன்றைக் கொண்டுவந்து மாடியில் தொட்டியில் வைத்தேன். இப்போது பந்தல் நிறைய இலை. போன வருடம் ஒரே ஒரு குலை. அதிலும் பாதி கருப்பு, பாதி பச்சை. கவாத்து செய்யச் சொல்கிறார்கள், வெட்ட மனம் வரவில்லை. அப்பாவுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது, அவர் இந்தப் பழம் சாப்பிடலாமா? கொட்டையை மெல்ல வேண்டுமா, துப்பலாமா? கடைசியாக ஒன்று: கடையில் வாங்கி ஜூஸ் போட்டால் நிறம் வருகிறது, வாசம் போய்விடுகிறது. ஏன்?

பதில்: வெட்டுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

திராட்சை குளிர்காலம் பார்த்துப் பழகிய கொடி. குளிர் வந்ததும் இலையை உதிர்த்துவிட்டு உறங்கும். வெயில் திரும்பியதும் ஒருசேர விழித்துத் துளிர்க்கும், துளிரோடு பூவும் வரும். மதுரையில் அதற்கு ஏது உறக்கம்? இலை போட்டுக்கொண்டு, கொடியை நீட்டிக்கொண்டு போய்க்கொண்டே இருக்கும். இலையுதிர்காலம் செய்கிற வேலையை இங்கே கத்தரிதான் செய்தாக வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கில் வருடம் பூராவும் ஏதாவது ஒரு தோட்டத்தில் பழம் அறுப்பதும் இதனால்தான். ஒருவர் கவாத்து செய்து இரண்டு மாதம் கழித்துப் பக்கத்துத் தோட்டக்காரர் செய்வார். சுருளிப்பட்டிப் பக்கமோ காமயகவுண்டன்பட்டிப் பக்கமோ அடுத்த முறை போனால், கவாத்து முடிந்த தோட்டம் ஒன்றைப் பாருங்கள். பந்தலில் ஓர் இலை இருக்காது, வெறும் கம்புதான். பட்டுப்போய்விட்டதோ என்றுகூடத் தோன்றும். அதைப் பார்த்துவிட்டு வந்தால் உங்களுக்கும் வெட்ட மனம் வரும்.

சரி, வெட்டினால் மட்டும் போதுமா? போதாது. நீங்கள் பார்க்கிற குலை, துளிர் வந்தபோது உண்டானது இல்லை. அதற்கு முன்பே, கம்பு பச்சையாக வளர்ந்துகொண்டிருந்தபோதே, கணுவில் இருக்கும் மொட்டுக்குள் அது உருவாகிவிடும். அந்த மொட்டுக்குள் இருக்கும் சின்ன முளை பூங்கொத்தாகவும் மாறலாம், கம்பியைச் சுற்றிப் பிடிக்கிற பற்றுக்கம்பியாகவும் மாறலாம். இரண்டும் ஒரே முளையிலிருந்து வருபவை. நல்ல வெயில் பட்டால் பூங்கொத்து. நிழலிலே கிடந்தால் பற்றுக்கம்பி. இலை மேல் இலை மூடிக் கிடக்கிற உங்கள் பந்தலில் எது நிறைய இருக்கிறது என்று போய்ப் பாருங்கள், பற்றுக்கம்பியாகத்தான் இருக்கும். தழைச்சத்து அதிகமானாலும் இதே கதைதான். மாடித்தோட்டக்காரர்கள் பலர் வாரம் தவறாமல் கடலைப் பிண்ணாக்குக் கரைசல் ஊற்றுகிறார்கள். கீரைக்கு அது அமிர்தம். காய்க்க வேண்டிய திராட்சைக்கு அவ்வளவு வேண்டியதில்லை.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் கணக்குப்படி, டிசம்பர்–ஜனவரியில் கவாத்து செய்தால் ஏப்ரல்–மேயில் அறுப்பு; மே–ஜூனில் செய்தால் ஆகஸ்ட்–செப்டம்பரில் அறுப்பு. இரண்டையும் செய்யலாம். ஒன்றுதான் முடியும் என்றால் ஜனவரியைப் பிடித்துக்கொள்ளுங்கள். எந்தக் காரணம் கொண்டும் பழம் அக்டோபர், நவம்பரில் பழுக்கிற மாதிரி வைத்துக்கொள்ளாதீர்கள். வடகிழக்குப் பருவமழை பிடித்தால் பன்னீர் திராட்சையின் மெல்லிய தோல் வெடித்துவிடும். வெடித்த பழத்தில் பூஞ்சை ஏறும், அப்புறம் குலையே வீண்.

கவாத்துக்கு ஒரு வாரம் முன்பே தண்ணீரை நிறுத்துங்கள். பழுப்பு நிறமாகி, பென்சில் தடிமனுக்கு முற்றிய கம்புகளை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு கண் (மொட்டு இருக்கும் கணு) விட்டு, கடைசிக் கண்ணுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். பச்சையாக, ஒல்லியாக இருப்பதையெல்லாம் அடியோடு எடுத்துவிடலாம். மிச்சமிருக்கும் இலைகளையும் கையால் உருவிவிடுங்கள். வெட்டிய முனையிலிருந்து இரண்டு மூன்று நாள் தண்ணீர் சொட்டும். பயப்பட வேண்டாம், வேர் உயிரோடு வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம். வெட்டி முடித்ததும் தண்ணீர், மட்கிய எரு, கொஞ்சம் எலும்புத்தூள் கொடுங்கள். இரண்டு வாரம் போலத் துளிர் வரும், அதிலேயே பூங்கொத்து தெரியும். அறுப்புக்கு மூன்று நான்கு மாதம் ஆகும்.

தோட்டங்களில் மொட்டு ஒருசேர உடைவதற்காக ஹைட்ரஜன் சயனமைடு என்ற மருந்தைக் கம்பில் பூசுவார்கள். யாராவது கொடுத்தாலும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். தோலில் பட்டாலே தொந்தரவு. அதைக் கையாண்ட நாளில் மது குடித்தால் உடம்பு மோசமாகிவிடும். ஒரு கொடிக்கு அதெல்லாம் தேவையே இல்லை.

தொட்டி எவ்வளவு பெரியது என்று எழுதவில்லை. 60 லிட்டருக்குக் குறைவாக இருந்தால் கவாத்தோடு சேர்த்துத் தொட்டியையும் மாற்றிவிடுங்கள். ஜோடிக்கு இன்னொரு கொடி வேண்டுமா என்று சிலர் கேட்பார்கள்; வேண்டாம், இதன் பூ தானே கருக்கட்டும். நோய் என்று பார்த்தால் சாம்பல் நோயும் அடிச்சாம்பல் நோயும்தான் பெரிய தொல்லை. கவாத்து முடிந்த கையோடு கம்புகளுக்கு ஒரு சதவீத போர்டோக் கலவை அடித்துவிட்டால் பாதிக் கவலை தீரும். பத்து கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) அரை லிட்டர் தண்ணீரில் கரையுங்கள், பத்து கிராம் சுட்ட சுண்ணாம்பை இன்னொரு அரை லிட்டரில் கரையுங்கள், இரண்டும் பிளாஸ்டிக் வாளியில். துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்குங்கள். சுத்தமான இரும்புக் கத்தியை நனைத்து எடுத்தால் செம்பு நிறம் படியக் கூடாது. படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேருங்கள். கலந்த அன்றே அடித்துவிட வேண்டும்.

பாதி கருப்பு, பாதி பச்சைக் குலைக்கு வருவோம். பழம் சீராகப் பழுக்காதது இந்த ரகத்தின் பிறவிக் குணம். பன்னீர் திராட்சை என்று நாம் சொல்வது உலகம் முழுக்க மஸ்கட் ஹாம்பர்க் என்று அழைக்கப்படும் ரகம். மஸ்கட் ஆஃப் அலெக்ஸாண்ட்ரியாவுக்கும் ஸ்கியாவா கிரோசாவுக்கும் பிறந்தது. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில், கண்ணாடி வீட்டுக்குள் செல்லமாக வளர்க்கப்பட்ட பிள்ளை. அதைக் கம்பத்து விவசாயிகள் கல்தூண் பந்தலில் ஏற்றிப் பழக்கியிருக்கிறார்கள். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனாலும் பழைய குணம் முழுதாகப் போய்விடவில்லை. ஒரு துளிருக்கு ஒரு குலை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். குலையை மறைக்கும் ஓரிரு இலைகளை எடுத்துவிடுங்கள், மொத்தமாக உருவ வேண்டாம், பழம் வெந்துவிடும். பற்றுக்கம்பிகளையும் அவ்வப்போது கிள்ளி எறியுங்கள்.

இதைவிடப் பெரிய தவறு, கருத்ததும் பறிப்பது. திராட்சை வாழை, மா மாதிரி இல்லை. பறித்த பிறகு பழுக்காது. முதலில் நிறம் வரும், பிறகு இனிப்பு ஏறும், வாசம் எல்லாவற்றுக்கும் கடைசியில் வரும். அணில் முந்திக்கொள்ளும் என்று அவசரப்பட்டுப் பறித்தால் கையில் இருப்பது வெறும் கருப்புத் திராட்சை, பன்னீர் இல்லை. குலைக்கு வலைத்துணிப் பை கட்டிவிட்டுக் காத்திருங்கள். குலையின் நுனியில் தொங்கும் பழம்தான் கடைசியில் பழுக்கும். அதைச் சாப்பிட்டுப் பாருங்கள். இனித்து, கொட்டை பழுப்பாகி, மூக்கில் ரோஜா வாசம் ஏறினால் அறுக்கலாம்.

ரோஜா என்றது அலங்காரத்துக்கு இல்லை. ரோஜாப்பூவுக்கு மணம் கொடுக்கிற ஜெரானியால் இந்தப் பழத்திலும் இருக்கிறது, கூடவே லினலூல், நெரால். பன்னீர் என்று பெயர் வைத்தவருக்கு வேதியியல் தெரிந்திருக்காது, மூக்கு சரியாக வேலை செய்திருக்கிறது. இந்த மணப்பொருள்களில் பெரும்பகுதி தோலிலும் தோலை ஒட்டிய சதையிலும் இருக்கிறது. கருநீல நிறம் தருகிற ஆந்தோசயனினும் தோலில்தான். உடம்புக்கு நல்லது என்று சொல்லப்படும் பாலிஃபீனால்கள் தோலிலும் கொட்டையிலும். நடுவில் இருக்கும் சதை, உண்மையைச் சொன்னால், சர்க்கரைத் தண்ணீர். சதையை உறிஞ்சிவிட்டுத் தோலைத் துப்புகிறவர்கள் நல்லதைத் துப்பிவிட்டுச் சர்க்கரையை மட்டும் விழுங்குகிறார்கள்.

அப்பா விஷயம் இங்கேதான் வருகிறது. 100 கிராம் திராட்சையில் ஏறக்குறைய 15 கிராம் சர்க்கரை இருக்கிறது. நார்ச்சத்து ஒரு கிராம்கூட முழுதாக இல்லை. அதனால் சர்க்கரை நோய்க்கு மருந்து என்று யாராவது அனுப்பும் செய்தியை நம்பாதீர்கள். அதற்காக அறவே கூடாது என்றும் இல்லை. சர்க்கரை கட்டுப்பாட்டில் இருந்தால் ஒரு கைப்பிடி, எடை போட்டால் 80 கிராம் அளவுக்கு, தோலோடு மென்று சாப்பிடலாம். வயிறு நிறையச் சோறு சாப்பிட்ட கையோடு வேண்டாம். அன்றைக்கு வேறு பழமும் வேண்டாம். ஜூஸ் அவருக்கு நிச்சயம் வேண்டாம்: ஒரு தம்ளர் ஜூஸில் ஒரு பெரிய கிண்ணம் பழத்தின் சர்க்கரை இறங்கிவிடும், மெல்லுகிற நேரமும் மிச்சம், நொடியில் உள்ளே போய்விடும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை குளுக்கோமீட்டரில் பார்த்துவிட்டால் அவர் உடம்பே பதில் சொல்லிவிடும். சிறுநீரகத் தொந்தரவும் சேர்ந்திருந்தால், மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

கருப்புத் திராட்சை சாப்பிட்டால் ரத்தம் ஊறும் என்பதும் ஊரெல்லாம் இருக்கிற நம்பிக்கை. 100 கிராமில் இரும்புச்சத்து அரை மில்லிகிராமைக்கூடத் தொடாது. நிறத்தைப் பார்த்து வந்த நம்பிக்கை அது. ரத்தசோகைக்கு முருங்கைக்கீரையும் மருத்துவர் தரும் மாத்திரையும்தான்.

கொட்டை உங்கள் விருப்பம். மென்றால் துவர்க்கும், அதில்தான் புரோஆந்தோசயனிடின் என்ற பாலிஃபீனால் இருக்கிறது. அப்படியே விழுங்கினால் அப்படியே வெளியே வரும், வயிற்றில் கொடி முளைக்காது. துப்பினாலும் குற்றம் இல்லை. திராட்சைக் கொட்டைச் சாறு என்று மாத்திரையாக விற்பது வேறு விஷயம். அப்பா ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவராக இருந்தால் அதைக் கேட்காமல் வாங்காதீர்கள். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் பழத்தை நெடுக்காக நான்காக அரிந்து, கொட்டை எடுத்துக் கொடுங்கள். முழுப் பழம் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். நாய் வளர்த்தால் ஒரு பழம்கூடப் போடாதீர்கள், சிறுநீரகம் செயலிழக்கலாம்.

இனி ஜூஸ். நிறம் சூட்டில் கரைந்து வருகிற பொருள்; மணம் சூட்டில் பறந்து போகிற பொருள். இரண்டுக்கும் ஒரே பாத்திரத்தில் நியாயம் செய்ய முடியாது. அதனால் நான் பழத்தைப் பிரித்துவிடுவேன். ஒரு கிலோவில் கால் கிலோவைப் பச்சையாக எடுத்துவைத்துவிட்டு, முக்கால் கிலோவை அரைத் தம்ளர் தண்ணீரோடு மூடி போட்ட எவர்சில்வர் பாத்திரத்தில் சிறு தீயில் வையுங்கள். அலுமினியம், இரும்பு வேண்டாம், புளிப்பு பட்டு நிறம் கெடும். தோல் வெடித்துச் சாறு விட எட்டுப் பத்து நிமிடம் போதும். தளதளவென்று கொதிக்க விடாதீர்கள். அடுப்பை அணைத்து, மூடியைத் திறக்காமலே ஆற விட்டு, கையால் பிசைந்து வடிகட்டுங்கள். ஆறிய பிறகு, எடுத்துவைத்த கால் கிலோவையும் கையால் நசுக்கிப் பிழிந்து அதில் சேருங்கள். போன வாசம் திரும்பி வரும். மிக்ஸியில் மட்டும் அடிக்காதீர்கள். கொட்டை உடைந்தால் துவர்ப்பும் கசப்பும் ஏறி, அதை மறைக்க இன்னும் இரண்டு கரண்டி சர்க்கரை போடுவீர்கள். நிறம் நீலம் தட்டினால் அரை மூடி எலுமிச்சை பிழியுங்கள், பளிச்சென்று சிவக்கும்.

வடிகட்டிய சக்கையைக் குப்பையில் போட வேண்டாம். கொட்டையைச் சல்லடையில் தேய்த்துப் பிரித்துவிட்டு, தோலை வெல்லம், மிளகாய்த்தூள், உப்போடு சுண்ட வதக்கினால் தொக்கு. தோசைக்கு நன்றாகச் சேரும். ஜாம் செய்வதானால் எலுமிச்சை கொஞ்சம் தாராளமாக விடுங்கள், இல்லாவிட்டால் இறுகாது. உலர்திராட்சைக்கு இந்த ரகத்தை நான் சொல்ல மாட்டேன், காய்ந்த பிறகு பாதிக்குப் பாதி கொட்டைதான் மிஞ்சும். பழம் மிஞ்சினால் கழுவி, ஈரம் போகத் துடைத்து, காம்பு நீக்கி ஃப்ரீசரில் போட்டு வையுங்கள். கோடையில் ஐஸ்கட்டிக்குப் பதிலாகத் தம்ளரில் போடலாம்.

கழுவும்போது தோல் மேல் இருக்கும் வெள்ளைப் பூச்சைப் பார்த்து மருந்து என்று தேய்க்க வேண்டாம், அது பழத்தின் சொந்த மெழுகு. கடைப் பழத்தில் நீலப் புள்ளியாகத் தெரிந்தால் அது துத்தம். ஓடும் தண்ணீரில் நன்றாக அலசுங்கள். ஜூஸை ஃபிரிட்ஜில் மூன்று நாளுக்கு மேல் வைக்காதீர்கள், புளித்துப் பொங்கி மூடியைத் தள்ளும். பாட்டில் அடியில் கண்ணாடித் தூள் மாதிரி பளபளவென்று ஏதாவது படிந்திருந்தால் கொட்டிவிட வேண்டாம். திராட்சையில் இருக்கும் டார்டாரிக் அமிலம் குளிரில் உப்பாகி உறைந்தது அது, மேலே இருப்பதை மட்டும் ஊற்றிக் குடிக்கலாம்.