ஓய்வு பெற்ற பிறகு எதிலும் மனம் ஒட்டவில்லை. வாழ்க்கையில் ஒரு பிடிப்பை எப்படித் தேடிக்கொள்வது?

ஓய்வு பெற்று ஏழு மாதம் ஆகிறது, பணக்கவலை இல்லை, பிள்ளைகளும் நன்றாக இருக்கிறார்கள், ஆனாலும் காலையில் எழுந்திருக்கவே பிடிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். என் ஏழாவது மாதமும் கிட்டத்தட்ட இப்படித்தான் இருந்தது. இப்போது ஆறு வருடம் ஓடிவிட்டது. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், பொருந்துவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தொழிற்சாலையின் மின் பராமரிப்புப் பிரிவில் 33 வருடம் இருந்தேன். பேனல் அறை, ஸ்டோர், ஜெனரேட்டர் ஷெட் என்று பதினோரு சாவிகள் என் பொறுப்பு. பேன்ட்டின் இடது பை எப்போதும் கனத்துத் தொங்கும். கடைசி நாள் அவற்றை எண்ணி ஒப்படைத்து, கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். அப்புறம் பல மாதங்களுக்கு, வாசலைத் தாண்டும்போதெல்லாம் இடது கை தானாகப் போய்ப் பையைத் தட்டிப் பார்க்கும். பை காலியாக இருக்கும். எதையோ தொலைத்துவிட்டது போல ஒரு கணம் வயிற்றைப் பிசையும்.

முதல் மூன்று மாதம் ஜோராகத்தான் போனது. அலாரம் கிடையாது, யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். ராபர்ட் ஆட்ச்லி என்ற சமூகவியலாளர் 1970களில் ஓய்வுக்காலத்தைக் கட்டங்களாகப் பிரித்துக் காட்டினார். முதலில் தேனிலவு, பிறகு ஏமாற்றம், அதற்கும் பிறகுதான் மனிதன் மறுபடி ஒரு திசையைப் பிடிக்கிறான் என்பது அவர் கணக்கு. எல்லோருக்கும் இதே வரிசையில் நடக்கும் என்றில்லை, எனக்கு நடந்தது. நான்காவது மாதத்திலிருந்து விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடும். பகலெல்லாம் உடம்பு அசதி, முதுகு வலி. யாராவது சாதாரணமாக ஏதாவது கேட்டால்கூடச் சுருக்கென்று கோபம். அழுகை ஒன்றும் வரவில்லை, அதனால் இது மனசு சம்பந்தப்பட்டது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

வேலையில்லாத அதிகாரி வீட்டில் என்ன செய்வான்? நான் வீட்டை இன்ஸ்பெக்‌ஷன் செய்ய ஆரம்பித்தேன். எந்த விளக்கு வீணாக எரிகிறது, எந்த டப்பா ஏன் இந்த அலமாரியில் இருக்கிறது என்று. ஒருநாள் என் மனைவி அமைதியாகச் சொன்னாள்: "இந்த வீட்டுக்கு மேனேஜர் வேண்டாங்க. நீங்க ஆபீஸ் போயிருந்த முப்பது வருஷமும் இது நடந்துக்கிட்டுதான் இருந்துச்சு." அன்று சுட்டது. அவள் சொன்னது சரி என்று புரிய ரொம்ப நாள் ஆனது.

வாழ்க்கையின் பிடிப்பைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒன்று. முதலில் ஒரு டாக்டரைப் பாருங்கள். இதைச் சம்பிரதாயத்துக்குச் சொல்லவில்லை. தைராய்டு சுரப்பு குறைந்தாலும், பி12 வைட்டமின் குறைந்தாலும் இதே சோர்வும் இதே பிடிப்பின்மையும் வரும். சாதாரண ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். காது கொஞ்சம் மந்தமாகிப்போனால்கூட மனிதன் மெல்ல மெல்லக் கூட்டத்திலிருந்து ஒதுங்கி, தனக்கு யாரையும் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொள்வான். என் டாக்டர் ரத்தம் எடுத்ததோடு விடாமல், வயதானவர்களின் மனச்சோர்வை அளப்பதற்கென்றே இருக்கும் பதினைந்து கேள்விகளையும் கேட்டார். போன ஒரு வாரத்தை நினைத்து ஆம், இல்லை என்று சொன்னால் போதும். 'செய்துகொண்டிருந்த பல காரியங்களையும் ஆர்வங்களையும் விட்டுவிட்டீர்களா?' என்ற கேள்விக்கு ஆம் என்று சொல்லும்போது என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

சோர்வோ ஆர்வமின்மையோ இரண்டு வாரத்துக்கு மேல், பெரும்பாலான நாட்களில், நாள் முழுக்க இருந்தால் அதற்கு வைத்தியம் உண்டு. எனக்குச் சில மாதங்கள் மாத்திரை தேவைப்பட்டது. அது வேலை காட்டவே சில வாரங்கள் பிடித்தது, அதை நிறுத்தியதுகூட டாக்டர் சொன்ன பிறகு படிப்படியாகத்தான். இருந்து என்ன பயன் என்ற நினைப்பு தலைகாட்டினால் மட்டும் அடுத்த வாரம் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். அன்றைக்கே வீட்டில் ஒருவரிடமும் டாக்டரிடமும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

சரி, இனி உங்கள் கேள்வி.

1930களின் தொடக்கத்தில் ஆஸ்திரியாவில் மரியென்டால் என்ற சின்ன ஊரில் ஒரே ஒரு ஆலை இருந்தது. அது மூடிக்கிடந்தது, ஏறக்குறைய ஊரே வேலையிழந்திருந்தது. மரீ யஹோடா என்ற சமூக உளவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் அங்கே போய் மக்களின் அன்றாடத்தைக் கவனித்து எழுதினார்கள். கைநிறைய நேரம் இருந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது கூடவில்லை, பாதியாகக் குறைந்துபோனது. தெருவில் நடப்பவர்களை மறைந்திருந்து கடிகாரம் வைத்துப் பார்த்தார்கள். ஆண்களின் நடை பெண்களின் நடையைவிட மெதுவாக இருந்தது, அடிக்கடி நின்று நின்று போனார்கள். பெண்களுக்குச் சம்பளம் போயிருந்தாலும் வீட்டு வேலை போகவில்லை, நாளுக்கு ஒரு கட்டு இருந்தது. சம்பளத்தைத் தவிர வேலை நமக்குத் தருவது என்ன என்று யஹோடா பிற்காலத்தில் பட்டியலே போட்டார்: நேரத்துக்கு ஒரு ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே மனிதர்கள், நாலு பேரோடு சேர்ந்து ஒரு காரியம், ஊரில் ஒரு அடையாளம், சும்மா இருக்க விடாத ஒரு கட்டாயம். வேலையிழப்பும் ஓய்வும் ஒன்றல்ல, தெரியும். நமக்கு ஓய்வூதியமாவது வருகிறது. ஆனால் அதைப் படித்தபோது என் வீட்டைப் பற்றி யாரோ எழுதியது போல இருந்தது. மெதுவாக நடந்தவன் நான், வேகமாக நடந்தவள் என் மனைவி.

அதனால் பிடிப்பைத் 'தேடுவது' என்பதே கொஞ்சம் தப்பான வழியோ என்று எனக்குப் படுகிறது. நான் தேடித்தான் பார்த்தேன். புல்லாங்குழல் வகுப்பில் சேர்ந்தேன், மூன்று வாரம். ஒரு மொழி கற்க ஆரம்பித்தேன், ஒரு மாதம். பழைய அலுவலகத்துக்கு இரண்டு முறை போனேன். இரண்டாவது முறை எல்லோரும் என்னோடு பேசிக்கொண்டே ஸ்கிரீனைப் பார்த்தார்கள், அதோடு சரி. காலை நடை மட்டும் நிலைத்தது. காலை வெளிச்சம் தூக்கத்துக்கு நல்லது என்று டாக்டர் சொல்லியிருந்தார், அது உண்மையாகவே உதவியது. மற்றதெல்லாம் ஏன் நிலைக்கவில்லை என்று யோசித்தால், நான் போகாவிட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. வகுப்பில் இருபது பேர். இருபத்தோராவது ஆள் வந்தானா என்று யார் பார்க்கப் போகிறார்கள்?

ஆசை வந்ததும் செய்யலாம் என்று காத்திருந்ததும் ஒரு தப்பு. மனச்சோர்வில் முதலில் செத்துப்போவதே அந்த ஆசைதான். வைத்தியத்தில் இதைத் தலைகீழாகச் செய்யச் சொல்கிறார்கள். பிடிக்கிறதோ இல்லையோ, கிழமையும் நேரமும் குறித்துவைத்துச் சின்னதாக ஒன்றைச் செய், மனசு பின்னால் வரும் என்று. எனக்கு நம்பிக்கையே இல்லை. ஆனால் வேறு வழியும் இல்லை.

என் தெருக்காரர் ஒருவரின் அம்மா இருந்த முதியோர் இல்லத்தில் ஒரு மின்விசிறி ஓடவில்லை என்றார். போய்ப் பார்த்தேன். கப்பாசிட்டர் போயிருந்தது, கால் மணி நேர வேலை. கிளம்பும்போது அங்கிருந்த பெண்மணி, "அப்போ வெள்ளிக்கிழமை வர்றீங்களா? இன்னும் நாலு இருக்கு" என்றார். வருவேன் என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டதால் போனேன். அன்று மனசு ஒன்றும் துள்ளவில்லை, போகாமல் இருக்க என்னென்ன சாக்கு சொல்லலாம் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டேதான் போனேன்.

இப்போது செவ்வாயும் வெள்ளியும் அங்கேதான். நீங்களும் இதையே செய்யுங்கள் என்று சொல்ல மாட்டேன். எனக்கு ஸ்குரூ டிரைவர் பிடிக்கத் தெரியும், உங்களுக்கு வேறு ஏதாவது தெரிந்திருக்கும். நீங்கள் வராவிட்டால் 'ஏன் வரவில்லை' என்று கேட்கும் ஒரு ஆள் இருக்கிற இடமா என்று மட்டும் பாருங்கள். பேரப்பிள்ளைகளை மட்டும் நம்பி இதில் இறங்காதீர்கள். அவர்கள் வளர்ந்துவிடுவார்கள், வளரத்தான் வேண்டும்.

இல்லத்தில் எனக்காக ஒரு நோட்டு வைத்திருக்கிறார்கள். தேதி, அறை, என்ன பழுது, சரிசெய்த தேதி என்று நாலு கட்டம். 'ஆறாம் அறை, ஸ்விட்ச் தீப்பொறி' என்பது போல யாராவது எழுதிவைப்பார்கள். போன மாதம் காய்ச்சலால் ஒரு வெள்ளிக்கிழமை போகவில்லை. அடுத்த செவ்வாய் நோட்டைத் திறந்தால், ஒன்பதாம் அறைப் பாட்டியின் நடுங்கும் எழுத்து. பழுது என்ற கட்டத்தில், 'வெள்ளிக்கிழமை ஆள் வரவில்லை' என்று இருந்தது. கடைசிக் கட்டத்தில் அன்றைய தேதியைப் போட்டுக் கையெழுத்திட்டேன்.