வத்தளை வீட்டை விற்று வெள்ளவத்தையில் பிளட் வாங்கலாமா?

கேள்வி: ஐயா, வத்தளை ஹெந்தளையில் 10 பேர்ச்சஸ் காணியில் எங்களுக்கு ஒரு வீடு இருக்கிறது. 2012இல் வாங்கினோம், கடன் முடிந்துவிட்டது. கணவருக்குக் கொள்ளுப்பிட்டியில் வேலை. மகளுக்கு நான்கு வயது. மாமி கோயிலுக்குப் பக்கத்தில் இருக்க ஆசைப்படுகிறார். வெள்ளவத்தையில் கடற்பக்க ஒழுங்கை ஒன்றில் 1,050 சதுர அடி பிளட் ஒன்றுக்கு 4 கோடியே 20 இலட்சம் சொல்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு 3 கோடி கிடைக்கும் என்கிறார் தரகர். மிச்சம் 1 கோடியே 20 இலட்சத்தை வங்கி 12 வீத வட்டியில் 20 வருடக் கடனாகத் தரும். அதே கட்டடத்தில் இதே அளவு வீடு மாதம் 1 இலட்சத்து 40 ஆயிரத்துக்கு வாடகைக்குப் போகிறது. எங்கள் ஒழுங்கையில் வாடகை 80 ஆயிரம். கனடாவில் இருக்கும் அண்ணா, "வெள்ளவத்தை விலை ஒருநாளும் இறங்காது, வாங்கிப் போடு" என்கிறார். ஓர் அயலை எப்படி எடைபோடுவது?
— வத்தளை வாசகி

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்திலேயே பாதிப் பதில் இருக்கிறது. இரண்டு வாடகைகளையும் விசாரித்து எழுதியிருக்கிறீர்களே, பெரும்பாலானோர் அதைச் செய்வதில்லை.

முதலில் முத்திரைத் தீர்வை. முதல் 1 இலட்சத்துக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம், கட்டுவது வாங்குபவர். 4 கோடியே 20 இலட்சத்துக்கு அது 16 இலட்சத்து 79 ஆயிரம் ரூபாய். இப்போது அந்தக் கட்டடத்தின் வாடகையை 12ஆல் பெருக்குங்கள்: 16 இலட்சத்து 80 ஆயிரம். அதாவது, உறுதி எழுதுகிற அன்று அரசாங்கத்துக்குக் கட்டும் பணத்தில் அதே கட்டடத்தில் ஒரு முழு வருடம் குடியிருந்து பார்க்கலாம். இதைவிடத் துல்லியமாக ஓர் அயலை எடைபோடும் தராசு எனக்குத் தெரியாது.

"வாடகைக்குக் கொடுக்கும் காசில் கடனைக் கட்டிவிடலாமே" என்று யாராவது சொல்வார்கள். உங்கள் கடனுக்கு மாதத் தவணை ஏறக்குறைய 1 இலட்சத்து 32 ஆயிரம் வரும், வாடகையைவிடக் குறைவுதான். ஆனால் அந்தக் கணக்கில் 3 கோடி ரூபாய் வீடு ஒன்று சத்தமில்லாமல் காணாமல் போகிறது. ஹெந்தளை வீட்டை 80 ஆயிரத்துக்குக் கொடுத்துவிட்டு வெள்ளவத்தையில் வாடகைக்கு இருந்தால் கையிலிருந்து போவது மாதம் 60 ஆயிரம். வாங்கினால் தவணை போகும், பராமரிப்புக் கட்டணம் போகும், வீடும் போயிருக்கும். பிடிக்கவில்லை என்று திரும்பி வர நினைத்தால் தரகுக் கூலியும் முத்திரைத் தீர்வையும் இன்னொரு தடவை.

அண்ணாவுக்கு ஒரு வார்த்தை. 2022இல் அமெரிக்க டொலர் 200 ரூபாயளவிலிருந்து சில மாதங்களுக்குள் 360ஐத் தொட்டது. கனடாவிலிருந்து பார்ப்பவருக்கும் இங்கே சம்பளம் வாங்குபவருக்கும் வெள்ளவத்தை விலை ஒன்றல்ல. ரூபாயில் ஏறிய விலை டொலரில் இறங்கியிருக்கலாம். மத்திய வங்கி வெளியிடும் காணிப் பெறுமதிச் சுட்டெண்ணைப் பார்ப்பதென்றால், அது கொழும்பு மாவட்டத்துக் காணிக்கு உரியது. வத்தளையோ கம்பஹா மாவட்டம். பத்திரிகை விளம்பரத்தில் இருப்பது கேட்கும் விலை மட்டுமே. ஆகவே உங்கள் 3 கோடியையும் தரகரின் வாயிலிருந்து எடுக்காமல், வங்கி ஏற்கும் மதிப்பீட்டாளர் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாடசாலை ஆசையில் அவசரப்பட வேண்டாம். அரசாங்கப் பாடசாலையில் முதலாம் தரத்துக்கு அயலில் வசிப்போர் பிரிவில் விண்ணப்பித்தால், முந்தைய 5 வருட வாக்காளர் இடாப்பில் பெற்றோரின் பெயர் அந்த முகவரியில் இருக்கிறதா என்று பார்த்துப் புள்ளி போடுகிறார்கள். நான்கு வயது மகளுக்காக இன்று வாங்கும் பிளட் அந்தப் புள்ளிகளை முழுமையாகத் தராது. கட்டணப் பாடசாலை என்றால் கதை வேறு.

இனி அயல். தரகர் உங்களை ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்குத்தான் கூட்டிப்போவார். காலி வீதி காலியாக இருக்கும், கடற்காற்று வரும். வேலைநாளில் பகல் ஒன்றரை மணிக்குப் பாடசாலை விடும்போது போங்கள். அந்த ஒழுங்கைக்குள் ஒரு வான் திரும்ப எத்தனை நிமிடம் எடுக்கிறது, அம்புலன்ஸ் வந்தால் எங்கே நிற்கும் என்று பாருங்கள். இரவு ஒன்பது மணிக்கு மேல் மரைன் டிரைவ் பக்கத்திலிருந்து நடந்து வாருங்கள். ரயில் போகும்போது பேச்சை நிறுத்த வேண்டியிருக்கிறதா?

கடற்பக்கம் என்றால் இன்னொன்று. சில வருடங்களுக்கு முன் அப்படியோர் ஒழுங்கையில், நான்காம் மாடியில், என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒருவருடன் நின்றிருந்தேன். வரவேற்பறைக்குப் புதுப் பெயின்ட், வாசம்கூடப் போகவில்லை. பல்கனிக்குப் போய் ஏசியின் வெளிப்பெட்டியை விரலால் தட்டினேன். துரு செதில் செதிலாகக் கையோடு வந்தது. வைத்து மூன்று வருடம்தான் என்றார் வீட்டுக்காரர், கொஞ்சம் பெருமையாகவே. உப்புக்காற்று ஜன்னல் கம்பியையும் கொங்கிறீட்டுக்குள் இருக்கும் இரும்பையும் விடாது. அந்தக் கட்டடத்தின் முகாமைத்துவக் குழுவிடம் பழுதுபார்க்கும் நிதியாக எவ்வளவு இருக்கிறது என்று கேட்டோம். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் வாங்கவில்லை.

நீங்களும் அதைக் கேளுங்கள். லிஃப்ட் கடைசியாக எப்போது பழுதுபட்டது, எத்தனை வீட்டார் மாதக் கட்டணம் கட்டாமல் இருக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். காவலாளி குழுவைவிட உண்மை பேசுவார். எல்லாவற்றுக்கும் முன், அந்தத் தொடர்மாடியின் திட்டப்படம் தொடர்மாடி வீட்டுரிமைக்கான 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி பதிவாகியிருக்கிறதா என்று உங்கள் நொத்தாரிசு காணிப் பதிவகத்தில் தேடிப் பார்க்கட்டும். அது இல்லாவிட்டால் உங்கள் வீட்டுக்குத் தனி உறுதி கிடைக்காது, வெறும் ஒப்பந்தக் கடதாசிதான் கையில் இருக்கும். அப்போது வங்கியும் பெரும்பாலும் கடன் தராது. இந்தத் தேடல் முடியும்வரை முற்பணம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

உங்கள் பக்கத்தையும் வாங்குபவரின் கண்ணால் பாருங்கள். களனி கங்கைக்கு வடக்கே வருகிறவர் முதலில் கேட்பது, "2016 மே மாதம் இங்கே தண்ணீர் வந்ததா?" என்பதைத்தான். வாயால் சொல்லும் பதிலைவிடச் சுவர் சொல்வதை நம்புவார்கள். அந்தப் பக்கத்து வீடொன்றில் எல்லாப் பிளக் பொயின்ட்டும் இடுப்பு உயரத்தில் இருந்தது நினைவிருக்கிறது. வீட்டுக்காரர் வெள்ளத்தைப் பற்றி மூச்சுவிடவில்லை, விடத் தேவையும் இருக்கவில்லை. உங்கள் ஒழுங்கை மேடு என்றால் அதுவே பெரிய சொத்து. வெள்ளத்தையும் சேர்த்து வீட்டுக் காப்புறுதி ஒன்றை எடுத்து வைத்திருந்தால் காட்டுங்கள். சோலைவரிப் பற்றுச்சீட்டு, வீதி எல்லைச் சான்றிதழ், ஒழுங்கைக்கான வழியுரிமை உறுதியில் எழுதப்பட்ட பக்கம் ஆகியவற்றை இப்போதே ஒரு கோப்பில் போடுங்கள். கடதாசி தேடும் இடைவெளியில்தான் விலை குறைகிறது.

மாமியின் கோயிலை நான் சிறிய காரணமாக நினைக்கவில்லை. எழுபது வயதில் ஓட்டோ பிடிக்காமல் நடந்துபோய்க் கும்பிட்டு, வரும் வழியில் கறிவேப்பிலையும் வாங்கி வருவதற்குச் சதுர அடிக் கணக்கில் விலை போட முடியாது. ஆனால் வாடகைக்கு இருந்தாலும் கோயில் அதே தூரத்தில்தான் இருக்கும்.

என் ஆலோசனை: அதே கட்டடத்தில், முடியாவிட்டால் அதே ஒழுங்கையில், வாடகைக்குப் போங்கள். ஒக்டோபர், நவம்பர் மழையும் ஒரு பாடசாலைத் தவணையும் அதற்குள் வரட்டும்.

ஒரு தேதியை மட்டும் மறக்காதீர்கள். வீட்டை விற்கும்போது மூலதன ஆதாய வரியிலிருந்து (விற்ற இலாபத்துக்கான வரி) விலக்குக் கிடைக்க, விற்பதற்கு முந்தைய 3 வருடமும் அது தொடர்ந்து உங்களுடையதாக இருக்க வேண்டும், அதில் 2 வருடமாவது நீங்கள் அங்கே வசித்திருக்க வேண்டும். நாள் கணக்கில்தான் பார்ப்பார்கள். ஆகவே ஹெந்தளையை விட்டு வெளியேறும் தேதியைக் கலண்டரில் குறித்து வையுங்கள். விற்பதென்று முடிவானால், அடுத்த வருடம் அதே தேதிக்கு முன் உறுதி கைச்சாத்தாகிவிட வேண்டும். தவறினால் வரி வரும். அப்போது 2012இல் கொடுத்த விலையை அல்ல, 2017 செப்டெம்பர் 30 அன்றிருந்த சந்தைப் பெறுமதியைத்தான் அடக்கவிலையாக எடுப்பார்கள். அந்தத் தேதிக்கான மதிப்பீட்டு அறிக்கையையும், வீட்டை மதிப்பிட வருபவரிடமே சேர்த்துக் கேட்டு வாங்கிவிடுங்கள்.