பெரியவர்கள் வகுப்பில் வலைப்பூவா, விக்கியா?

கேள்வி: கடலூர் தேவனாம்பட்டினத்தில் மாலை வகுப்பு நடத்துகிறேன். ஓரளவு எழுதப் படிக்கத் தெரிந்த மீனவர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும் வருகிறார்கள். வலைப்பூ, விக்கி இரண்டில் எது பாடத்துக்கு உதவும்?

பதில்: வலைப்பூ (பிளாக்) என்னும் இணையப் பக்கத்தில் எழுத்து ஒருவருடையது. மற்றவர்கள் கீழே கருத்து சொல்லலாம். விக்கியில் ஒரே பக்கத்தை எல்லாரும் திருத்தலாம். 1995-ல் அமெரிக்க நிரலாளர் வார்டு கன்னிங்காம் தொடங்கிய முதல் விக்கியின் அடிப்படையே அதுதான்.

உங்கள் வகுப்புக்கு நான் விக்கியைத்தான் முதலில் சொல்வேன். பெரியவர்களுக்குப் பெரிய தடை கூச்சம். "தப்பா எழுதிட்டா?" என்ற பயம். விக்கியில் ஒவ்வொரு மாற்றமும் பக்கத்தின் வரலாற்றில் பதிவாகும். முதல் நாளே அவர்கள் கண்முன் ஒரு பக்கத்தை முழுவதும் அழித்து, பிறகு மீட்டுக் காட்டுங்கள். பாதி பயம் அங்கேயே போய்விடும்.

அப்புறம் தலைப்பு. அவர்களுக்கு உங்களைவிட நன்றாகத் தெரிந்ததைக் கொடுங்கள். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றுக்கு ஒரு பக்கம். ஒருவர் எழுதியதை இன்னொருவர் "அப்படி இல்லையே" என்று திருத்துவார். காரணத்தையும் எழுதச் சொல்லுங்கள். அந்த வாக்குவாதம்தான் உண்மையான எழுத்துப் பயிற்சி!

இதை நேரே தமிழ் விக்கிப்பீடியாவில் போட வேண்டாம். 2003 முதல் இயங்கும் அந்தக் கலைக்களஞ்சியம் ஏற்கெனவே வெளியான நம்பகமான சான்று கேட்கும். அனுபவ அறிவை மட்டும் வைத்து எழுதினால் நீக்கிவிடுவார்கள், கற்பவர் மனம் உடைந்துபோகும். வகுப்புக்கென்று தனி விக்கி போதும்.

சரி, வலைப்பூ எப்போது? தன் கதையைச் சொல்ல ஒருவருக்கு ஆசை வரும்போது. தட்டச்சு சிரமமென்றால் கைபேசியில் பேசி எழுத வைத்து, அந்தப் பேச்சுத்தமிழை அவரே திருத்தட்டும்.