மார்ச் மாதத்துச் சேற்றில் என்ன இருக்கு?

தங்கச்சி, உங்கள் கேள்வியைத் திருகோணமலையில் அம்மா வீட்டு விறாந்தையில் இருந்துதான் வாசித்தேன். அம்மாவின் திவசத்துக்கு வந்து இரண்டு கிழமையாகிறது. இங்கே பக்கத்து உப்புவெளியில் இருந்து போன ஒக்டோபரில் கனடாவுக்கு, ரொறன்ரோவின் ஸ்காபரோவுக்கு வந்தவர் நீங்கள். “எல்லாரும் வசந்தம் வந்துட்டுது என்கிறார்கள். வெளியில் பார்த்தால் ஊத்தை ஸ்னோவும் சேறும்தான். இதில் சந்தோஷப்பட என்ன இருக்கு அக்கா?” என்று கேட்டிருக்கிறீர்கள். வந்த முதல் வருடம் நானும் இதையேதான் கேட்டேன். பதில் சொல்லத்தான் ஆள் இருக்கவில்லை.

இங்கே வாடைக்காற்று அடங்கிவிட்டது. மாரி முழுக்கக் கரையை அடித்துக்கொண்டிருந்த கடல் டச்பேயில் குளம் மாதிரிக் கிடக்கிறது. இன்று காலை கேற்றடியில் ஒரு புள்ளிமான் நின்று செவ்வரத்தையை மொட்டோடு தின்றது. மச்சாள் தும்புத்தடியோடு ஓடினா. ஊரில் பருவத்தைத் தேடி நாங்கள் போவதில்லை. காற்று மாறினால் அது தானாக வீட்டுக்குள் வந்துவிடும். ஸ்காபரோவில் ஐந்து மாதம் யன்னலை இறுக்கிப் பூட்டிக்கொண்டு இருக்கிறோம், பிறகு எப்படித் தெரியும்? முதல் நாலைந்து வருடம் மே மாதத்தைப் பார்த்துக் காத்திருந்தே மார்ச்சையும் ஏப்ரலையும் தொலைத்தவள் நான்.

முதலில் வெளிச்சத்தைக் கவனியுங்கள். திருகோணமலையில் வருடத்தின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம்தான் வித்தியாசம், அதனால் எங்களுக்கு அது கண்ணில் படுவதேயில்லை. ரொறன்ரோவில் டிசம்பரில் ஒன்பது மணித்தியாலம்கூட இல்லாத பகல், ஜூனில் பதினைந்தரை மணித்தியாலமாகிறது. மார்ச்சில் ஒவ்வொரு நாளும் மூன்று நிமிடம் கூடும். மார்ச் இரண்டாவது ஞாயிறு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியதும், வேலை முடிந்து பஸ்ஸால் இறங்கும்போது வெயில் நிற்கும். அன்றைக்கு வீட்டுக்கு நேரே போகாமல் ஒரு தரிப்பு முன்னாலேயே இறங்கி நடந்து பாருங்கள். இன்னொன்று, ஊருக்கும் எங்களுக்கும் இடையில் இருந்த பத்தரை மணித்தியால நேர வித்தியாசம் அன்றிலிருந்து ஒன்பதரை ஆகும். அம்மா இருந்தவரை, அவ நித்திரைக்குப் போகமுன் இன்னும் கொஞ்சம் கதைக்கலாம் என்பதுதான் எனக்கு வசந்தம்.

அப்புறம் மீன். சிரிக்காதீர்கள். குளிர்காலத்தில் மீன் பொரித்தால் அந்த மணம் கோட்டில் ஏறி அடுத்த நாள் வேலைக்கும் கூட வரும். பேஸ்மென்டில் இருந்தால் மேல்வீட்டுக்காரரின் முகத்தையும் பார்க்க வேண்டும். மார்ச்சில் பத்துப் பாகை தொடும் நாள் ஒன்று வரும். அன்றைக்கு யன்னலை முழுதாகத் திறந்துவிட்டுக் கருவாட்டைப் பொரியுங்கள். வெளியில் கூரைப் பீலியில் ஸ்னோ உருகிச் சொட்டும், உள்ளே சட்டி இரையும். எத்தனையோ வருடம் போயும் அந்த நாள் எனக்குத் திருவிழா மாதிரித்தான்.

கறிவேப்பிலைச் சாடி ஒன்று வாங்கி வெயில் விழும் யன்னலில் வையுங்கள். குளிர்காலத்தில் இலை கொட்டிக் குச்சியாக நிற்கும், செத்துவிட்டது என்று எறிந்துவிடாதீர்கள். வெளிச்சம் கூடத் தொடங்கியதும் குச்சியின் நுனியில் கடுகளவு ஒரு பச்சை முளைக்கும். நாலாம் ஐந்தாம் நாள் அது விரல் மடித்தது போல நிற்கும், கிட்டப் போய் முகர்ந்தால் ஊர் மணக்கும். ஆனால் அவசரப்பட்டு வெளியில் வைக்கக் கூடாது. ஒரு ஏப்ரலில் பதினெட்டுப் பாகை வெயிலைப் பார்த்து ஏமாந்து என்னுடையதை வெளியில் வைத்தேன். அன்றிரவு உறைபனி, விடியப் பார்த்தால் கறுத்துப் போயிருந்தது. பிள்ளையைப் போலப் பார்த்து வளர்த்தது. இரவிலும் பத்துப் பாகைக்குக் கீழே இறங்காத காலம் வரட்டும், அதாவது மே கடைசி. மிளகாய் விதையை இப்போதே தயிர்க் கோப்பையில் போட்டுவைக்கலாம், அதற்கும் வெளியில் போக அதே கணக்குத்தான்.

காசும் காரும் உள்ள யாராவது கிடைத்தால், இந்த மாதமே மேப்பிள் தோப்பு ஒன்றுக்குப் போய்விட்டு வாருங்கள். இரவில் பூச்சியத்துக்குக் கீழேயும் பகலில் மேலேயும் போகும் இந்தக் கொஞ்ச நாளில்தான் மரத்தில் சாறு ஓடும். மரத்தில் சின்னக் குழாய் அடித்து வாளி தொங்கவிட்டிருப்பார்கள். குழாய் நுனியில் ஒரு சொட்டு திரண்டு, வெயிலைப் பிடித்து, கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு விழும். விரலால் தொட்டு நக்கினேன்: பச்சைத் தண்ணீர், கடைசியில் லேசான இனிப்பு. நாற்பது லீற்றரைக் காய்ச்சினால்தான் ஒரு லீற்றர் பாணி வரும். அந்தக் கொட்டிலில் எழும்பிய ஆவி மணத்தில் நான் நின்றது கனடாவிலா, கருப்பநீர் காய்ச்சிப் பனங்கட்டி வார்க்கும் வளவிலா என்று ஒரு நிமிடம் குழம்பிவிட்டது.

கடல் இல்லாமல் உங்களால் இருக்க ஏலாது என்று தெரியும். ஸ்காபரோ பிளஃப்ஸுக்குப் போங்கள். எங்கள் கோணேசர் கோயில் நிற்கும் சுவாமிமலை அளவு இல்லாவிட்டாலும், செங்குத்தான கரை, கீழே கண்ணுக்கெட்டிய தூரம் ஏரித் தண்ணீர். உப்பு மணம்தான் இல்லை. மேல் விளிம்புக்கு மட்டும் போக வேண்டாம், பனி உருகும் காலத்தில் மண் சரியும். கீழே கரையில் நாணல் பக்கம் கறுப்புக் குருவி ஒன்று, தோளில் சிவப்புத் திட்டோடு, கதவுக் கீல் மாதிரிக் கத்தும். அது வந்துவிட்டால் குளிர்காலத்துக்கு மரியாதை போச்சு.

ரொறன்ரோவின் ஹைபார்க் பூங்காவில் பூக்கும் செரிப்பூ பற்றியும் எல்லாரும் சொல்வார்கள். 1959இல் தோக்கியோ மக்கள் கொடுத்த மரங்களில் தொடங்கியது, அழகுதான். ஆனால் அது ஏப்ரல் கடைசியில்தான் வரும், சனமோ தேருக்கு வந்தது போல. கிழமை நாளில் விடியப் போங்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது வீட்டுக்காரர் ஸ்காபரோவில் இருந்து படம் அனுப்பியிருக்கிறார்: என் சாடியில் இரண்டு குருத்து. மச்சாளிடம் காட்டினேன். வாங்கிப் பார்த்தா, பிறகு முற்றத்தில் கூரையைத் தாண்டி நிற்கும் எங்கள் கறிவேப்பிலை மரத்தைப் பார்த்தா. “இதையோ படம் எடுத்து அனுப்பினவர்?” என்றா.