ஏறிடுவீங்க, எறங்குறதுதான்

வாசகர் கடிதம்:

வணக்கம்ணே. நீடாமங்கலம் பக்கம் ஒரு கிராமம், வயசு 46, உரக்கடை வச்சிருக்கேன், கொஞ்சம் நெலமும் இருக்கு. மாசி கடைசியில ஃப்ரெண்ட்ஸோட வெள்ளியங்கிரி போறதா முடிவாயிடுச்சு. நான் பாத்த ஒரே மலை ஸ்கூல் டூர்ல பஸ்ல போன ஊட்டிதான். நம்ம ஊர்ல மேடுன்னா ஆத்தங்கரையும் ரயில்வே மேம்பாலமும். ஒரு மாசம் ட்ரெட்மில்லுல ஓடினா போதும்ங்கிறான் மச்சான் பையன். ஏழு மலையும் ஏறிட முடியுமாண்ணே, பாதியில உக்காந்துடுவேனா?

பதில்:

வணக்கம். ஏறிடுவீங்க. சேத்துல காலைப் புடுங்கிப் புடுங்கி வச்ச ஆளு நீங்க, வரப்புல நடந்த பேலன்ஸும் இருக்கு, மூச்சு வாங்குச்சுன்னா நின்னு நின்னு போகலாம், ராத்திரி பூரா டைம் இருக்கு. என் பயமெல்லாம் எறங்குறதப் பத்திதான், அத நீங்க கேக்கவே இல்ல பாருங்க.

நானும் அத யோசிக்காமத்தான் போனேன். ராத்திரி பத்து மணிக்கு பூண்டி அடிவாரத்துல மூங்கில் கம்பு வாங்கிட்டு கிளம்பி, வெள்ளை விநாயகர், பாம்பாட்டி சுனை, கைதட்டி சுனைன்னு ஒவ்வொண்ணா தாண்டி, ஆண்டி சுனைத் தண்ணிய மூஞ்சில அடிச்சுக்கிட்டு (குளிச்சவங்க பல்லு தந்தி அடிச்சத பாத்துட்டு நான் குளிக்கல), ஏழாவது மலைக்கு விடியுறதுக்கு முன்னாடியே போயிட்டேன். பாறைக்கு அடியில குகையில சுயம்பு லிங்கம், கூட்டத்துல ஒரு நிமிஷம் பாத்திருப்பேன். பெரிய வீரன்னு நெனப்பு.

எறங்கும்போது மூணாவது மலைகிட்ட வலது முட்டி ஆட ஆரம்பிச்சுது. முதல் மலைப் படிக்கட்டுக்கு வந்தப்ப நேரா எறங்க முடியல, கம்ப ஊணிக்கிட்டு நண்டு மாதிரி சைடுல ஒவ்வொரு படியா எறங்குறேன், ஷூவோட முன்பக்கம் இடிச்சு இடிச்சு ரெண்டு கட்டைவிரல் நகமும் கறுத்துப் போச்சு. எழுபது வயசு இருக்கும், செருப்பில்லாத ஒரு பெரியவர் மஞ்சப்பையோட என்னைத் தாண்டிப் போயிட்டு, திரும்பிப் பாத்து "கீழ சுக்கு காபி இருக்கு, வாங்க"ன்னாரு. அன்னிக்கு ஏறினதெல்லாம் அந்த ஒரு வார்த்தையில எறங்கிடுச்சு. ஊருக்கு வந்து மூணு நாள் கக்கூஸ்ல குந்த முடியாம நான் பட்ட பாட்ட வீட்ல இன்னும் சொல்லிக் காட்றாங்க.

காரணம் சிம்பிள்தான். நெல்லு மூட்டைய தூக்குறது ஒண்ணு, தூக்கின மூட்டைய பொத்துன்னு போடாம மெதுவா எறக்கி வைக்கிறது வேற. எறக்கத்துல தொடையோட முன்பக்கத் தசை நீண்டுக்கிட்டே மொத்த உடம்பு எடையையும் புடிச்சு நிறுத்தணும், பழகாத தசைன்னா உள்ள நுணுக்கமா கிழியும், அந்த வலி மறுநாளும் அதுக்கு அடுத்த நாளும்தான் உச்சத்துக்கு வரும். ஆனா ஒரு தடவ அப்படி அடி வாங்கி ஆறின தசை அடுத்த சில வாரத்துக்கு அவ்வளவா நோகாது. ட்ரெட்மில்லு மூச்சுக்கு நல்லது, முட்டிக்கு எறக்கத்த சொல்லிக் குடுக்காது.

அதனால படி எறங்கிப் பழகுங்க. சுவாமிமலை போங்க, மலைன்னு பேருதான், நம்மாளுங்க கட்டுன கட்டுமலை, பிரபவலேர்ந்து அட்சய வரைக்கும் தமிழ் வருஷத்துக்கு ஒண்ணா 60 படி. பத்து தடவ ஏறி எறங்கினா யாராவது ஒரு மாதிரி பாப்பாங்க, வேண்டுதல்னு சொல்லிடுங்க. அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை திருச்சி மலைக்கோட்டை, நானூத்திச் சொச்சம் படி. வசதி இருந்தா கொல்லிமலை ஆகாய கங்கைக்கு ஒரு நடை, அங்க ஆயிரம் படிக்கு மேல முதல்ல எறக்கம், அப்புறம்தான் ஏத்தம், நல்ல பாடம். கடைசி ப்ராக்டிஸ் மலைக்குப் போறதுக்கு பத்து நாள் முன்னாடி முடியட்டும், வலியோட போய் ஏறாதீங்க.

பிரஷர், சுகர், நெஞ்சுல ஏதாவதுன்னா டாக்டர்கிட்ட காட்டாம போகவே வேணாம். 2024 சீசன்லயே மலை ஏறப் போனவங்க சிலர் இறந்துட்டாங்க. ஃப்ரெண்ட்ஸ் கிண்டல் பண்ணுவாங்கன்னு மூச்சுத் திணறலோட ஒரு அடி எடுத்து வைக்காதீங்க.

வனத்துறை மலைக்கு விடுறது பிப்ரவரிலேர்ந்து மே வரைக்கும்தான். நமக்கு தோதான நேரம், சம்பா அறுத்தாச்சு, அறுப்புக்கு முன்னாடி தெளிச்ச உளுந்து வயல்ல நிக்கும், எடுக்க இன்னும் நாளிருக்கும். செம்மொழி எக்ஸ்பிரஸ் நீடாமங்கலத்துலயே நிக்குது, கோயம்புத்தூர் எறங்கி காந்திபுரத்துல பூண்டி பஸ். ஆயிரம் மீட்டர் ஏறினா ஆறரை டிகிரி கிட்ட குளிர் கூடும், காத்து வேற, அதனால ஸ்வெட்டர் ஒண்ணு. பிளாஸ்டிக்க செக் பண்ணுவாங்க. அங்க ஒரு பாட்டில் போட்டா நமக்கே வரும், நொய்யல் அந்த மலையிலதான் பொறக்குது, கரூர் மாவட்டத்துல காவிரில கலக்குது. நடுவுல திருப்பூர்ல அதுக்கு என்ன ஆச்சுன்னு தனியா ஒரு கட்டுரை எழுதணும், இப்ப வேணாம்.

முதல் நாளே நகத்த ஒட்ட வெட்டிக்கோங்க. கம்ப அடிவாரத்துல திருப்பிக் குடுக்காம கொண்டாங்க, ட்ரெயின் எறங்கவும் தேவைப்படும். என்னோடது இப்ப கொட்டாயில இருக்கு, கன்னுக்குட்டிய வைக்கப்போர்லேர்ந்து வெரட்ட.