குடும்பத்தோடு தீவு தீவாக: மட்டக்களப்பு, அம்பாறை ஆட்களுக்குக் கேள்வி பதில்

பிள்ளைகளையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு தீவுகளுக்குப் போய்வர நினைப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, குடும்பங்களுக்குக் கடற்பயணம் ஒழுங்கு செய்யும் ஒருவர் பதில் தருகிறார்.

அண்ணா, ஓகஸ்ட் லீவில் நாலு நாள் இருக்கு. பிள்ளைகளுக்கு ஆறு வயது, பத்து வயது. அம்மாவும் வாறா. புறாமலையையும் நெடுந்தீவையும் ஒரே பயணத்தில் பார்க்கலாமா? (செங்கலடி)

வேண்டாம் தங்கச்சி. புறாமலை திருகோணமலைப் பக்கம், நெடுந்தீவு யாழ்ப்பாணப் பக்கம். தூரத்தைக்கூடச் சமாளிக்கலாம், ஓகஸ்ட் மாதக் காற்றைச் சமாளிக்க ஏலாது. அந்த நேரம் தென்மேற்குக் காற்று பாக்கு நீரிணையில் நேராக அடிக்கும். குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து நெடுந்தீவுக்குப் போகும் ஒரு மணித்தியாலமும் படகு உருண்டுகொண்டே போகும். அதே நாட்களில் எங்கட பக்கத்துக் கடல் அமைதியாக இருக்கும். அதனால் மே தொடக்கம் செப்டம்பர் வரை பாசிக்குடா, நிலாவெளி. மார்ச், ஏப்ரல் என்றால் நெடுந்தீவு, நயினாதீவு. டிசம்பர் லீவில் வாடைக்காற்று கிழக்கையும் வடக்கையும் சேர்த்து அடிப்பதால் இந்த இரண்டு பக்கமும் படகில் ஏற வேண்டாம்.

உங்கட நாலு நாளுக்கு: முதல் நாள் பாசிக்குடாவில் பிள்ளைகளுக்குக் கண்ணாடியும் மூச்சுக்குழாயும் பழக்குங்கள். அங்கே வெகுதூரம் வரைக்கும் இடுப்பளவு தண்ணீர்தான். இரண்டாம் நாள் நிலாவெளிக்குப் போய்த் தங்குங்கள். மூன்றாம் நாள் விடியப் புறாமலை. நாலாம் நாளைச் சும்மா விடுங்கள். மூன்றாம் நாள் காற்று எழும்பினால் புறாமலையை அந்த நாளுக்கு மாற்றலாம். மாற்றுநாள் இல்லாமல் போகிறவர்கள்தான், கடல் குழம்பிக் கிடக்கும்போதும் "வந்த கையோடு போய்ட்டு வருவம்" என்று ஏறுகிறார்கள்.

பாசிக்குடாவில் அலையே இல்லை. பிள்ளைகளை ரியூபில் விட்டால் என்ன ஆபத்து? (வந்தாறுமூலை)

ஜூனிலிருந்து ஓகஸ்ட் வரைக்கும் கச்சான் அடிக்கிற நாளில் ரியூபே வேண்டாம். கச்சான் தரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்று. அது அலையை அமத்திவிடுவதால் தண்ணீர் தகடு மாதிரித் தெரியும். ஆனால் காற்றுப் பிடிக்கிற எதையும் அது வெளியே தள்ளிக்கொண்டு போகும். ரியூபில் இருக்கும் ஒரு பிள்ளை, நீந்திப் போகிற பெரியவர் எட்டிப் பிடிக்க முடியாத வேகத்தில் நகரும். நின்று பார்த்தால் காற்று உங்கள் முதுகில் படுகிறதா, முகத்தில் படுகிறதா? கடலைப் பார்த்து நிற்கும்போது முதுகில் பட்டால் மிதக்கும் சாமான் எல்லாம் கரையிலேயே இருக்கட்டும்.

புறாமலைக்குப் போகிற ஒழுங்கைப் படிப்படியாகச் சொல்லுங்கோ. (ஏறாவூர்)

அது வனசீவராசிகள் திணைக்களத்தின் தேசிய பூங்கா. 1963இல் சரணாலயமாகி, 2003இல் தேசிய பூங்கா ஆனது. நிலாவெளிக் கரையில் கவுண்டர் திறந்த உடனே டிக்கட் எடுங்கள். படகுக்கூலி வேறு, டிக்கட் வேறு. படகுக்காரரிடம் பேசும்போது "எத்தனை மணிக்கு வந்து ஏற்றுவீங்க?" என்பதையும் அப்போதே பேசி முடியுங்கள். கரையிலிருந்து சுமார் ஒரு கிலோமீற்றர்தான், கொஞ்ச நேரத்தில் போய்விடலாம்.

இறங்கும் பக்கத்தில் முருகைக்கற்கள் கரைக்குக் கிட்டவே இருக்கின்றன. பாறைகளைத் தாண்டி மறுபக்கம் போனால் கருமுனைச் சுறாக் குட்டிகள் ஆழமில்லாத தண்ணீரில் சுற்றும். அவை ஆளைக் கண்டால் விலகிப் போகிற வகை. துரத்தவோ வாலைத் தொடவோ பிள்ளைகளை விடாதீர்கள். காலை 10 மணிக்குள் தண்ணீரை விட்டு வெளியே வருவது நல்லது. பிறகு ஆட்கள் கூடி, கால்பட்டு மண் கலங்கி, ஒன்றும் தெரியாது.

பெரும்பாலும் பிழை வருவது காலில்தான். கண்ணாடிக்குள் தண்ணீர் போனதும் பிள்ளை பயந்து எழும்பி நிற்கும். நிற்பது உயிருள்ள முருகைக்கல்லின் மேல். கல்லும் உடையும், காலும் கிழியும். அதனால்தான் பாசிக்குடாவில் முதலில் பழக்கச் சொல்கிறேன்: மல்லாக்கத் திரும்பி மிதந்து, கண்ணாடியின் கீழ்விளிம்பை விரலால் இழுத்துத் தண்ணீரை வடிய விட்டு, மறுபடி கவிழ வேண்டும். இதைப் பயப்படாமல் ஐந்து தரம் செய்த பிள்ளையை மட்டும் புறாமலைத் தண்ணீரில் இறக்குங்கள்.

வெயில்கிறீமைப் பூசிக்கொண்டு இறங்குவதை விட முழுக்கைச் சட்டை மேல். தோலும் தப்பும், முருகைக்கல்லும் தப்பும். தீவில் குடிதண்ணீர் கிடையாது. ஆளுக்கு ஒன்றரை லீற்றர் கொண்டுபோங்கள். பொலித்தீன் பை கொண்டுபோக விடமாட்டார்கள், சாப்பாட்டை டப்பாவில் கட்டுங்கள்.

கனடாவிலிருந்து அண்ணன் குடும்பம் வருது. அவங்களுக்கும் எங்கட டிக்கட்தானா? (களுவாஞ்சிகுடி)

வெளிநாட்டுக் கடவுச்சீட்டு மட்டும் இருந்தால் வெளிநாட்டவர் கட்டணம், அது பல மடங்கு கூட. இலங்கை அடையாள அட்டையோ இரட்டைப் பிரஜாவுரிமைப் பத்திரமோ இருந்தால் கையில் கொண்டுவரச் சொல்லுங்கள். தமிழில் கதைத்தால் மட்டும் கவுண்டரில் எடுபடாது.

படகில் தருகிற லைஃப் ஜாக்கெட் சின்னப் பிள்ளைக்குக் காணுமா? (அக்கரைப்பற்று)

பெரும்பாலும் காணாது. வாடகைப் படகுகளில் இருப்பது பெரியவர்களின் அளவு. ஜாக்கெட்டின் உட்பக்கம் எத்தனை கிலோ உடம்புக்கு என்று அச்சிட்டிருக்கும். வயதைப் பார்க்காமல் பிள்ளையின் நிறையைப் பாருங்கள். போட்டு எல்லாப் பூட்டையும் பூட்டியபின், இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்குங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறினால் தண்ணீரில் பிள்ளை கீழே வழுகிப்போகும். சின்னவர்களுக்குக் கால்களுக்கிடையால் வந்து பூட்டும் வார் கட்டாயம் வேண்டும். உள்ளே இருக்கும் ஃபோமை விரலால் நசித்துப் பாருங்கள். கல்லுப்போல் இறுகியோ பொருக்காக உடைந்தோ இருந்தால் அது மிதக்க வைக்காது.

சொந்தமாக ஒன்று வாங்கி வைப்பது, பயணத்தில் செலவழிக்கும் வேறு எந்தக் காசையும் விடப் பெறுமதியானது. கையில் போடும் காற்றுப்பட்டி உயிர்காக்கும் பொருளில் சேராது.

ஏப்ரலில் நெடுந்தீவு போக நினைக்கிறம். ஒரே நாளில் திரும்பலாமா? (கல்முனை)

திரும்பலாம், ஆனால் முதல் நாள் இரவே யாழ்ப்பாணத்தில் இருக்க வேண்டும். காலைப் படகைத் தவறவிட்டால் அந்த நாள் போச்சு. குறிகட்டுவான் இறங்குதுறையில் ஏறும்போதே திரும்பும் கடைசிப் படகின் நேரத்தை ஊழியரிடம் கேளுங்கள். காலநிலையைப் பொறுத்து அது மாறும். தீவில் இறங்கியதும் ஓட்டோவோ பிக்கப்போ பேசி, மத்தியானத்துக்குள் சுற்றி முடியுங்கள். பெருக்கு (பாவோபாப்) மரம், முருகைக்கல்லால் கட்டிய ஒல்லாந்தர் கோட்டைச் சிதைவு, குதிரைகள் மேயும் தரவை, வீட்டுக்கு வீடு சாந்தில்லாமல் அடுக்கிய முருகைக்கல் வேலி. வெயில் கடுமை, நிழல் குறைவு. குதிரைகளுக்குக் கிட்டப் போக வேண்டாம், அவை வளர்ப்புக் குதிரை இல்லை.

நயினாதீவும் குறிகட்டுவானிலிருந்துதான். 20 நிமிடத்துக்குள் போய்விடும், படகும் அடிக்கடி. அதை மறுநாள் காலைக்கு வையுங்கள். நாகபூசணி அம்மனையும் நாகவிகாரையையும் நடந்தே பார்க்கலாம். அந்தப் படகுகள் சிலவற்றில் ஆட்கள் உட்காருவது கீழே, மூடிய பகுதியில். பிள்ளைகளோடு போகிறவர்கள் படிக்கட்டுக்குக் கிட்ட இருங்கள். ஜாக்கெட்டைக் கையில் வைத்திருக்காமல் போட்டுக்கொள்ளுங்கள்.

மாமிக்குப் பஸ்ஸிலேயே சத்தி வரும். படகில் என்ன செய்ய? (திருக்கோவில்)

குளிசை சத்தி வந்தபின் வேலை செய்யாது. ஏறுவதற்கு ஒரு மணித்தியாலமாவது முந்திப் போட வேண்டும். பிறசர், கண் அமுக்கம், சலப் பிரச்சினை இருந்தால் எந்தக் குளிசை என்று டொக்டரிடம் கேட்டே எடுங்கள். புரோமெத்தசின் வகையை இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குக் கொடுக்கவே கூடாது. வெறும் வயிறும் கூடாது, புட்டும் கறியும் இறுக்கிச் சாப்பிடுவதும் கூடாது. இரண்டு இடியப்பமோ பாணோ போதும். முன்பக்கம்தான் கூடத் தூக்கிப் போடும். மாமியை நடுவிலோ பின்பக்கமோ, எஞ்சின் புகை வராத பக்கமாக இருத்தி, தூரத்துக் கரையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அஸ்ஸலாமு அலைக்கும் காக்கா. டிசம்பரில் ஐந்து நாள் மாலைதீவு. ரிசோட் வேண்டாம், சாதாரண ஆட்கள் இருக்கிற தீவுகளைப் பார்க்கணும். எத்தனை தீவு போகலாம்? (சாய்ந்தமருது)

வஅலைக்கும் ஸலாம் தம்பி. டிசம்பர் நல்ல தெரிவு. எங்களுக்கு மழை கொண்டுவரும் வடகீழ்ப் பருவம்தான் அங்கே வரட்சிக் காலத்தைத் தொடக்கி வைக்கிறது. ஐந்து நாளுக்கு இரண்டு தீவு, அதற்கு மேல் வேண்டாம். இரண்டும் ஒரே பவளத்தீவுக் கூட்டத்தில் இருக்கட்டும். மாஃபுஷி, குளி, குரைதூ மூன்றும் தெற்கு மாலே கூட்டத்தில் கிட்டக் கிட்ட இருக்கின்றன. வேறு கூட்டத்துக்குத் தாவினால் ஸ்பீட்போட் காசு எல்லோருக்கும் சேர்ந்து அறைவாடகையைத் தாண்டிவிடும்.

வீசா அங்கே இறங்கியதும் 30 நாளுக்கு இலவசமாகத் தருவார்கள். தங்குமிடப் பதிவும் திரும்பும் டிக்கட்டும் கையில் வேண்டும். பயணத்துக்கு முந்திய 96 மணித்தியாலத்துக்குள் ஆளுக்கொன்றாக ஐமுகா (IMUGA) என்ற பயணி விபர இணையப் படிவம் நிரப்புங்கள், பிள்ளைகளுக்கும் சேர்த்து. அது இலவசம். காசு கேட்கும் தளம் போலி.

பலர் மாட்டுப்படுவது விமான நேரத்தில். கொழும்பிலிருந்து ஒன்றரை மணித்தியாலம்தான் என்று இரவு விமானம் எடுப்பார்கள். இறங்கும்போது ஸ்பீட்போட் முடிந்திருக்கும், ஹுல்ஹுமாலேயில் ஒரு இரவுக்கு வீண்காசு. மத்தியானத்துக்குள் இறங்கும்படி எடுங்கள். மலிவான பொதுப்படகு வெள்ளிக்கிழமை ஓடாது, தீவு மாறும் நாளை அதில் வைக்காதீர்கள். மணிக்கூட்டை அரை மணித்தியாலம் பின்னுக்கு வையுங்கள். அறைவாடகையோடு, 50 அறைக்குக் குறைந்த விடுதி என்றால் பசுமை வரி ஆளுக்கு நாளொன்றுக்கு 6 டொலர் வரும். விலை பேசும்போதே அது சேர்ந்ததா என்று கேளுங்கள்.

சாப்பாடு எல்லாம் ஹலால், பள்ளிவாசல் எங்கும் கிட்ட. பெண்பிள்ளைகள் ஊர்க் கரையில் உடம்பு மூடிய உடுப்போடு குளிக்கலாம்.

நாங்கள் சைவ ஆட்கள். அங்கே போகும்போது கவனிக்க வேண்டியது? (ஆரையம்பதி)

வழிபாட்டுச் சிலை எதையும் பெட்டியில் வைக்காதீர்கள், சுங்கத்தில் எடுத்துவிடுவார்கள். மதுவும் பன்றி இறைச்சிப் பொருட்களும் அப்படித்தான்.

சொறிமுட்டை (ஜெலிமீன்) பட்டால் மண் போட்டுத் தேய்ப்பது சரியா? (வாழைச்சேனை)

அதுதான் செய்யக்கூடாத வேலை. தோலில் ஒட்டிய இழைகளில் இன்னும் வெடிக்காத நச்சுக் கூடுகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். தேய்த்தால் அவை வெடிக்கும், நல்லதண்ணீர் ஊற்றினாலும் வெடிக்கும். வினாகிரியை அரை நிமிடம் ஊற்றி, இழையைச் சாமணத்தால் எடுங்கள். பிறகு தாங்கக்கூடிய சூட்டில் சுடுதண்ணீரில் 20 தொடக்கம் 40 நிமிடம் வையுங்கள். சூட்டைப் பெரியவர் தன் கையால் பார்க்க வேண்டும், 45 பாகைக்கு மேல் போகக்கூடாது. நீலக் காற்றுப்பை மாதிரி மிதக்கிற வகை பட்டிருந்தால் வினாகிரி வேண்டாம், கடல்தண்ணீரால் கழுவிச் சுடுதண்ணீர் மட்டும்.

கல்மீன் முள்ளுக்கும் சுடுதண்ணீர்தான் முதலுதவி, ஆனால் உடனே ஆஸ்பத்திரி. முருகைக்கல் கீறலைச் சவர்க்காரம் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவாவிட்டால் உள்ளே துகள் இருந்து வாரக்கணக்கில் சீழ்பிடிக்கும். மூச்சு முட்டினால், முகம் வீங்கினால் 1990க்கு அழையுங்கள். தீவில் நிற்கும்போது என்றால், படகு கரையைத் தொடும் இடத்துக்கு அம்புலன்ஸ் வரும்படி சொல்லுங்கள்.

மகனுக்கு 15 வயது, நல்லா நீந்துவான். ஹேர்மிஸ் கப்பலைச் சுழியோடிப் பார்க்கலாமா? (கல்லடி)

இப்போது ஏலாது. 1942 ஏப்ரல் 9இல் மூழ்கிய அந்தப் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் 50 மீற்றருக்கும் ஆழத்தில் கிடக்கிறது. பொழுதுபோக்குச் சுழியோடலின் எல்லையே 40 மீற்றர். முறையான ஆரம்பப் பயிற்சியில் சேர்த்துவிடுங்கள், ஆழமில்லாத பாறைகள் கிழக்கில் நிறைய உண்டு.

தூரம் போக வசதி இல்லை. ஊருக்குள்ளேயே பிள்ளைகளுக்குத் தீவு காட்டலாமா? (மண்டூர்)

தாராளமாக. மட்டக்களப்பு நகரின் புளியந்தீவே தீவுதான். கல்லடிப் பாலத்தடியில் தோணி பேசி, ஏப்ரலுக்கும் செப்டம்பருக்கும் இடையில் ஒரு பறுவ இரவில் போங்கள். எஞ்சின் இல்லாத தோணியாக இருக்க வேண்டும். துடுப்பின் அலகைத் தண்ணீருக்குள் விட்டு, பிடியைக் காதோடு அழுத்தினால் பாடும் மீன் சத்தம் மரத்தின் வழியாக வரும். பிள்ளைகள் கதைக்காமல் இருக்க வேண்டும், அதுதான் கஷ்டம். வாவியில் முதலை உண்டு, கையையும் காலையும் வெளியே போட விடாதீர்கள். ஜாக்கெட் இங்கேயும் வேண்டும். ஆழம் குறைவென்றாலும் அடியில் சேறு, காலை ஊன்றி எழும்ப முடியாது.

பகலில் உங்கட ஊரிலிருந்து குருமண்வெளிக்குப் போகும் பாதைப் படகில் ஏறி இறங்கினாலே சின்னவர்களுக்கு ஒரு கடற்பயணம் மாதிரித்தான்.